தரைக்கு அடியில் ஒரு வானம்: கௌஷியுங் ஒளிக்கூரையும் ரயில் நிலையக் கண்ணாடிக் கலையும்

தைவானின் தெற்கில் உள்ள துறைமுக நகரம் கௌஷியுங். அங்கே மெட்ரோவின் சிவப்புத் தடமும் ஆரஞ்சுத் தடமும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஃபார்மோசா புலிவார்டு என்ற நிலையம் இருக்கிறது. எஸ்கலேட்டரில் தரைக்கு அடியில் இறங்குகிறவர் வழக்கமான சங்கதிகளைத்தான் எதிர்பார்ப்பார்: டிக்கெட் கதவுகள், விளம்பரப் பலகைகள், தாழ்ந்த கூரை, டியூப் லைட். அவை எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் நடுக்கூடத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் 30 மீட்டர் விட்டத்தில் முழுக்கக் கண்ணாடியால் ஆன ஒரு வட்டம் தலைக்கு மேலே விரிந்து கிடக்கும். கிட்டத்தட்ட 700 சதுர மீட்டர் வட்டம், சுமார் 4,500 கண்ணாடிப் பலகங்கள். ரோமில் பிறந்த நார்சிசஸ் குவாலியாத்தா என்ற கலைஞர் வடிவமைத்தது. 2008இல் நிலையத்தோடு சேர்ந்து திறக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் அதை ஒளிக்கூரை என்கிறார்கள்.

போக்குவரத்துக் கட்டடங்களில் இயற்கையைப் பாடுபொருளாக வைத்த கண்ணாடிக் கலை உலகம் முழுக்க இருக்கிறது. இலை, அலை, பறவை, மரம் என்று ஏதாவது ஒன்று சுவரில் இருக்கும். அவற்றில் பலவற்றை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் உண்மை. ரயிலுக்கு ஓடுகிறவருக்கு நேரம் இல்லை. முதல் நாள் பார்ப்பார், இரண்டாம் நாள் ஓரக்கண்ணால் பார்ப்பார், மூன்றாம் நாள் அது சுவராகிவிடும். கௌஷியுங் ஒளிக்கூரை அப்படி மறையாமல் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. அது எந்த இடத்தில் இருக்கிறது, அந்த மண்ணில் என்ன நடந்தது, மக்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்ற மூன்றோடும் அது பின்னிக்கொண்டிருக்கிறது. அந்தப் பின்னலைப் பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை. துணைக்கு வேறு மூன்று ஊர்களின் கண்ணாடியையும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மண்

நிலையத்தின் பெயரிலேயே கதை இருக்கிறது. 1979 டிசம்பர் 10, மனித உரிமை நாள். அப்போது தைவானில் ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. ஃபார்மோசா என்ற அரசியல் இதழைச் சேர்ந்தவர்கள் கௌஷியுங்கில் கூட்டம் கூட்டினார்கள், போலீஸோடு மோதல் வெடித்தது. அதன்பின் பலரைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். முக்கியமானவர்கள் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள். ராணுவச் சட்டம் விலக 1987வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தைவான் ஜனநாயகத்துக்கு வந்த பாதையில் அந்த இரவு ஒரு திருப்புமுனை என்று அங்கே எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த நிகழ்வின் பெயரைத்தான் நிலையம் தாங்கியிருக்கிறது.

நிலையத்தின் மேல்பகுதியை வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷின் தகமாட்சு. சாலை வட்டத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு கண்ணாடி நுழைவாயில்கள், ஒவ்வொன்றும் கூப்பிய கைகளை நினைவூட்டும் வடிவம். பிரார்த்தனை என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கரு. ஆக, கீழே கண்ணாடி வட்டத்தைக் காண்பதற்கு முன்பே, மேலே கைகூப்பிய ஒரு வாசலைக் கடந்துதான் பயணி உள்ளே வருகிறார்.

இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கூரையை இயற்கைக் காட்சி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

நான்கு பகுதி, ஒரே வட்டம்

வட்டம் நான்கு கருக்களாகப் பிரிகிறது. நீர் உயிரின் கருப்பை. மண் செழிப்பும் வளர்ச்சியும். ஒளி படைக்கும் ஆற்றல். நெருப்பு அழிவும் மறுபிறப்பும். நமக்குப் பழக்கமான ஐம்பூதங்களில் மூன்று இதில் இருக்கின்றன. காற்றும் வானமும் இல்லை, அவற்றுக்குப் பதில் ஒளி வந்து உட்கார்ந்திருக்கிறது. தரைக்கு அடியில் இருக்கிற கூடத்துக்கு ஒளியைப் பூதமாக ஏற்றி வைத்தது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. அங்கே இல்லாத பொருள் அதுதானே.

நீலத்தில் தொடங்கும் நிறம் பச்சைக்குப் போய், மஞ்சளாகி, சிவப்பில் கொந்தளித்து, மறுபடி நீலத்தில் இறங்குகிறது. தொடங்கும் என்று எழுதிவிட்டேன், உண்மையில் தொடக்கம் என்று ஒன்று அதில் கிடையாது. எந்த வாசலிலிருந்து வருகிறீர்களோ அதுதான் உங்கள் தொடக்கம். ஒருவருக்குக் காலையில் முதலில் கண்ணில் படுவது நெருப்பு, இன்னொருவருக்கு நீர். சுவரில் மாட்டிய படத்துக்கு இடப்பக்கம், வலப்பக்கம் உண்டு. வட்டத்துக்கு அது இல்லை. இரண்டு தடங்கள் குறுக்கிடும் நிலையத்தில் நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்பதை யோசித்துத்தான் இந்த வடிவம் நிற்கிறது. கூடத்தின் நடுவில் இரண்டு பெரிய தூண்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கண்ணை மேலே தூக்கிவிடும் வேலையை அவை செய்கின்றன.

நெருப்புப் பகுதியைத்தான் அந்த இடத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அழிவும் மறுபிறப்பும் என்ற தலைப்பை வேறு எந்த ஊர் நிலையத்தில் வைத்தாலும் அது பொதுவான தத்துவமாகப் போயிருக்கும். 1979இன் இரவை நினைவில் வைத்திருக்கிற ஊரில், அந்த இரவின் பெயரைச் சுமக்கிற நிலையத்தில், அது தத்துவமாக நிற்காது. நெருப்புக்கு அடுத்து மறுபடி நீர் வருகிறது. ஒரு தலைமுறை பட்ட பாட்டை ஒரு வார்த்தைகூட எழுதாமல் நிறத்தின் வரிசையிலேயே வைத்திருக்கிறார் குவாலியாத்தா. எழுதியிருந்தால் அது நினைவுக் கல்வெட்டாகியிருக்கும், தினமும் வேலைக்குப் போகிறவர் நின்று படிக்க மாட்டார்.

ஒரு பலகம் எப்படிப் பிறக்கிறது

கூரையின் கண்ணாடி ஜெர்மனியில், விஸ்பாடன் அருகே டவுனுஸ்ஷ்டைனில் உள்ள டெரிக்ஸ் கண்ணாடிப் பட்டறையில் உருவானது. ஏறக்குறைய 4 ஆண்டு வேலை. அங்கிருந்து தைவானுக்குப் போய், ஒவ்வொரு பலகமும் தன் இடத்தில் ஏறியது.

தேவாலய ஜன்னலில் நாம் பார்த்துப் பழகியது வேறு முறை: வண்ணக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஈயப் பட்டையில் கோத்து, படம் ஆக்குவது. அதில் ஈயக் கோடுதான் ஓவியத்தின் கோடு. குவாலியாத்தா ஓவியராகப் படித்தவர். அந்தக் கறுப்புக் கோட்டை விட்டு வெளியேறி, கண்ணாடியிலேயே தூரிகை ஓட்டுவது போல வேலை செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்தவர். கண்ணாடியை உருக்கி ஒட்டும் முறை அதற்கு வழிவிட்டது.

அந்த முறையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தட்டையான பீங்கான் தட்டின் மேல் முதலில் ஒரு தெளிந்த கண்ணாடித் தகடு. அதன்மேல் வண்ணக் கண்ணாடியைச் சில்லுகளாக, இழைகளாக, சர்க்கரை மாதிரிப் பொடியாக வைத்துக்கொண்டு கலைஞர் வரைகிறார். பொடியைச் சல்லடையில் சலித்துத் தூவினால் மூட்டம் மாதிரி மென்மையான நிறமாற்றம் கிடைக்கும். இழையை வளைத்து வைத்தால் அது கோடு. பிறகு மொத்தத்தையும் உலையில் வைத்துச் சுமார் 800 டிகிரி செல்சியஸ்வரை ஏற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் கண்ணாடி ஓடிவிடாது, தேன் பதத்துக்கு வரும். தூளும் சில்லும் அடித்தகட்டில் இறங்கி ஒரே உடம்பாகிவிடும்.

கஷ்டம் எல்லாம் அப்புறம்தான். சூட்டைச் சட்டென்று இறக்கினால் மேல்பக்கம் முந்திக்கொண்டு சுருங்கும், உள்பக்கம் பின்தங்கும். இழுவை உள்ளேயே தங்கிவிடும். அதனால் சுமார் 500 டிகிரியில் நிறுத்திப் பிடித்து, பிறகு மணிக்கணக்கில், தடித்த பலகம் என்றால் நாள்கணக்கில், மெல்ல ஆறவிடுகிறார்கள். இரண்டு நிறக் கண்ணாடிகளின் வெப்ப விரிவு ஒத்துப்போகாவிட்டால் இந்தப் பொறுமையும் வீண். உலையிலிருந்து முழுசாக வெளியே வந்த பலகம் ஒரு மாதம் கழித்துத் தானாகக் கீறலிடும். அதனால்தான் ஒன்றோடொன்று பொருந்தும் என்று சோதித்த கண்ணாடிகளை மட்டுமே சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடிக்கு இன்னொரு கவலை எடை. 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி, சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 10 மில்லிமீட்டர் என்றால் 25 கிலோ. கீழே கூட்டம் நடமாடும் இடத்தில் பொதுவாகக் கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து லேமினேட் செய்வார்கள்; உடைந்தாலும் துண்டுகள் படலத்திலேயே ஒட்டி நிற்கும், யார் தலையிலும் கொட்டாது. போக்குவரத்துக் கட்டடத்தில் வைக்கும் கலைப்பொருள் முதலில் ஒரு கட்டுமானப் பொருள். தீ, அதிர்வு, எடை, கைக்கு எட்டும் தூரம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் அழகைப் பற்றிப் பேச முடியும். ஓவியர் மட்டும் போதாது, பட்டறைக்காரரும் கட்டமைப்புப் பொறியாளரும் முதல் நாளிலிருந்தே ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும்.

வெளிச்சம் பற்றி ஒரு மனக்குறை

கண்ணாடிக்கு உயிர் வெளிச்சம். சூரியன் படும் ஜன்னலில் காலை ஒரு மாதிரி, மேகம் வந்தால் ஒரு மாதிரி, அந்தியில் ஒரு மாதிரி. தரைக்கு அடியில் அந்த வரம் கிடையாது. ஒளிக்கூரை முழுக்க விளக்கை நம்பியிருக்கிறது. குறித்த நேரங்களில் இசையோடு ஒளிக்காட்சியும் நடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதற்காகவே வருகிறார்கள், குழந்தைகள் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்ணக் கண்ணாடி தன் நிறத்தை உண்டாக்குவது இல்லை. வெள்ளை வெளிச்சத்திலிருந்து தன் நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விழுங்குகிறது. சிவப்புக் கண்ணாடி மேல் நீல விளக்கைப் போட்டால் திருப்பிக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இல்லை, கறுத்துப்போகும். பச்சையும் அப்படித்தான், சிவப்பு விளக்கில் சாணி நிறமாகிவிடும். உலையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து உண்டாக்கிய நிறமாற்றத்தை ஒரு வண்ண விளக்கு நொடியில் அழித்துவிடும். காட்சி முடிந்து நல்ல வெள்ளை வெளிச்சம் திரும்பும்போதுதான் மண் பகுதியின் பச்சைக்குள் எத்தனை பச்சை இருக்கிறது என்று தெரிகிறது. என்னைக் கேட்டால், இந்த மாதிரி வேலைக்கு மிகச் சிறந்த விளக்கு என்பது நிறங்களை உள்ளபடி காட்டும் வெள்ளை விளக்குதான். எங்கே மாற்றம் வேண்டுமோ அங்கே செறிவை மட்டும் மெல்ல ஏற்றி இறக்கினால் போதும், மேகம் செய்வது போல.

பகல் வெளிச்சத்தைக் கீழே கொண்டுவர முடியும் என்பதற்கு லண்டனில் சாட்சி உண்டு. ஜூபிலி தடத்தில் 1999இல் திறந்த சதர்க் நிலையத்தில், ரிச்சர்ட் மெக்கார்மக்கின் கட்டடத்துக்குள் அலெக்சாண்டர் பெலெஷென்கோ 660 நீலக் கண்ணாடித் துண்டுகளால் வளைந்த சுவர் ஒன்றை எழுப்பினார். மேலே கண்ணாடிக் கூரை வழியாக வானம் உள்ளே வருகிறது. நீலம் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. விளக்குக் காட்சி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் அப்படி ஒரு திறப்பு வைக்க வேண்டுமானால், நிலையத்தின் வரைபடத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு நினைத்துப் பிரயோஜனம் இல்லை.

விளிம்பில் ஒளிந்திருக்கும் பச்சை

கௌஷியுங்கிலேயே சிவப்புத் தடத்தில், விமான நிலையத்துக்கான மெட்ரோ நிலையத்தில், இன்னொரு கண்ணாடி வேலை இருக்கிறது. ஒளிக்கூரையின் புகழில் அது கொஞ்சம் மறைந்துவிட்டது, அது எனக்கு வருத்தம். ஜெர்மனியில் பிறந்து கனடாவில் வாழ்ந்த லூட்ஸ் ஹவுஃப்ஷில்ட் செய்தது. மரகதப் பச்சையில் அலை மாதிரியும் மலையடுக்கு மாதிரியும் ஒரு சுவர். பூசிய வண்ணத்தை நம்பி அது நிற்கவில்லை.

சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தால் நிறமே தெரியாது. அதையே திருப்பி விளிம்பைப் பாருங்கள்: பாசி படர்ந்த குளத்துத் தண்ணீர் மாதிரி பச்சை. மணலில் இருக்கும் கொஞ்சூண்டு இரும்புதான் அந்தப் பச்சைக்குக் காரணம். தகட்டின் ஊடே பார்க்கும்போது சில மில்லிமீட்டரைத்தான் ஒளி கடக்கிறது, விளிம்பு வழியே பார்க்கும்போது பல சென்டிமீட்டரைக் கடக்கிறது. அந்தத் தூரத்தில் பச்சை சேர்ந்துவிடுகிறது. கடல் கரையில் நிறமில்லாமலும் ஆழத்தில் நிறத்தோடும் இருப்பதற்கும் இதுதான் கணக்கு. ஹவுஃப்ஷில்ட் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கடுக்காகச் சேர்த்து இந்த விளிம்பையே ஓவியமாக்கினார். கடலை வரையத் தேவை இல்லை, கடல் எப்படிப் பச்சையாகிறதோ அதே வழியில் கண்ணாடியும் பச்சையாகிறது.

1996இல் வான்கூவர் விமான நிலையத்தின் பன்னாட்டு முனையத்திலும் அவரது கண்ணாடி அலைச் சுவர் எழுந்தது. அதன் முன்னே கனடாவின் ஹைடா பூர்வகுடிக் கலைஞர் பில் ரீட் வார்த்த வெண்கலப் படகு, பச்சைப் பாசி பிடித்த நிறத்தில், மனிதரும் மிருகங்களுமாக நெருக்கியடித்து நிற்கிறது. படகுக்குப் பின்னால் கண்ணாடிக் கடல். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பெரிய வேலைகள். சேர்த்துப் பார்க்கும்போது, புறப்படக் காத்திருக்கிற பயணிக்கு அது தன் கதையாகவே தெரியும்.

இயற்கை என்ற பாடுபொருள் கண்ணாடியில் ஏன் இவ்வளவு எளிதாகச் சீரழிகிறது என்று யோசிக்கும்போது எனக்கு இந்த விளிம்புதான் ஞாபகம் வருகிறது. பூவின் புகைப்படத்தைக் கண்ணாடியில் அச்சடித்து ஒட்டுவது இன்று மலிவு, வேகம். அந்தப் பூவைத் துணியிலும் அச்சடிக்கலாம், தகரத்திலும் அச்சடிக்கலாம். கண்ணாடி அங்கே வெறும் பலகை. குவாலியாத்தா செய்ததையும் ஹவுஃப்ஷில்ட் செய்ததையும் வேறு பொருளில் செய்ய முடியாது.

மரங்களுக்குள் புகுந்த கடல்

நியூயார்க்கின் தென்முனையில் சவுத் ஃபெரி சுரங்க நிலையம். பழைய நிலையம் 1905ஆம் ஆண்டுக் காலத்தது, வளைந்த நடைமேடை, ரயிலின் முதல் 5 பெட்டிகளுக்கு மட்டும்தான் இடம். புதிய நிலையம் 2009 மார்ச்சில் திறந்தது. அதன் சுவர்களில் டக், மைக் ஸ்டார்ன் என்ற இரட்டைச் சகோதரர்களின் வேலை: இலையுதிர்ந்த மரங்களின் கிளைகள், உருக்கி ஒட்டிய கண்ணாடியில் நிழலுருவமாக. கூடவே ஒரு இலை, மன்ஹாட்டனின் பழைய நில அமைப்பையும் இன்றையதையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் மொசைக் வரைபடம், மரக்கிளை வடிவில் எஃகு வேலி. கிளை பிரிவதும் ரயில் தடம் பிரிவதும் ஒன்றே என்ற எண்ணம் அதன் அடியில் ஓடுகிறது. தலைக்கு மேலே இருப்பது பேட்டரி பூங்கா, உண்மையான மரங்கள். பயணி வேர்களின் மட்டத்தில் நின்றுகொண்டு கிளைகளைப் பார்க்கிறார். எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று.

2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் வந்தது. பேட்டரி பகுதியில் கடல் நீர், வழக்கமான தாழ்நீர் மட்டத்துக்கு மேல் சுமார் 14 அடியை எட்டியது. மூன்றரை ஆண்டு வயதான நிலையம் உப்பு நீரில் மூழ்கியது. மின்சாரம், சிக்னல், எஸ்கலேட்டர் என்று எல்லாம் போயிற்று. பழைய நிலையத்தை 2013 ஏப்ரலில் தூசு தட்டித் திறந்து சமாளித்தார்கள். புதிய நிலையம் மறுபடி திறந்தது 2017 ஜூனில்தான். மரங்கள் இன்றைக்கும் அங்கே நிற்கின்றன.

கண்ணாடிக்கு இங்கே ஒரு நல்ல குணம் கைகொடுக்கிறது. அது தண்ணீரை உறிஞ்சாது. உலையில் சுட்ட நிறம் உப்பில் கரையாது, வெயிலில் வெளுக்காது. இப்படி வெள்ளத்தில் அடிபடுவது பெரும்பாலும் கண்ணாடியைச் சுற்றி இருப்பவைதான்: பிடித்து நிறுத்தும் திருகு, எஃகுச் சட்டம், பின்னால் ஓடும் வயர், விளக்குப் பெட்டி, லேமினேட்டின் ஓரம் வழியாக நுழையும் ஈரம். ஆகவே ஒரு பலகத்தை மட்டும் தனியே கழற்ற முடியுமா, திருகு துருப்பிடிக்காத எஃகா, பின்பக்கத்துக்குக் கை போகுமா என்ற கேள்விகள்தான் 10 ஆண்டுகள் கழித்து அந்தக் கலையின் தலைவிதியைத் தீர்மானிக்கும்.

துடைப்பது யார்

சுரங்க ரயிலில் தூசு சாதாரணத் தூசு இல்லை. பிரேக்கும் சக்கரமும் தேய்ந்து வரும் இரும்புத் துகள் அதில் கலந்திருக்கும். பழுப்பு நிறத்தில் மெல்லிய படலமாக எல்லாவற்றிலும் படியும். சுவர்க் கண்ணாடி என்றால் இரவில் ஒருவர் ஏணியோடு வந்து துடைத்துவிடலாம். 30 மீட்டர் கூரைக்குச் சாரம் கட்ட வேண்டும் அல்லது தூக்கு வண்டி வேண்டும், அதுவும் கடைசி ரயில் போனதற்கும் முதல் ரயில் வருவதற்கும் இடையிலான சில மணி நேரத்தில். கலைக்குப் பணம் ஒதுக்குகிற நிர்வாகங்கள் பல, துடைப்பதற்கு ஒதுக்க மறந்துவிடுகின்றன. கலைஞரோடு ஒப்பந்தம் போடுகிற நாளிலேயே எழுத வேண்டிய விஷயங்கள் இவை: எத்தனை உதிரிப் பலகம் கூடவே சுட்டு வைக்கப்படும், எந்தக் கண்ணாடி, எந்த உலைச் சூடு என்ற குறிப்பு யாரிடம் இருக்கும், பட்டறை மூடிப்போனால் யார் செய்வார்கள். கையால் பொடி தூவிச் சுட்ட ஒரு பலகத்தை 20 ஆண்டு கழித்து அப்படியே திரும்பச் செய்வது லேசில்லை. அதே ஓவியர் செய்தாலும் மேகம் வேறு மாதிரிதான் வரும்.

ஒளிக்கூரைக்குக் கீழே இப்போது கல்யாணங்கள்கூட நடத்துகிறார்கள். மற்ற நேரத்தில் ஜனங்கள் சிவப்புத் தடத்திலிருந்து ஆரஞ்சுத் தடத்துக்குக் குறுக்கே நடக்கிறார்கள், நெருப்புக்குக் கீழே நுழைந்து நீருக்குக் கீழே வெளியேறுகிறார்கள், பெரும்பாலும் போனைப் பார்த்தபடி. நடுத்தூண்களின் பக்கத்தில் வரும்போது ஒருவர் தலை நிமிர்கிறது, அப்புறம் இன்னொருவர்.